கே ஆண்களும் லெஸ்பியன் பெண்களும் ஒரே மாதிரியா?

கேள்வி: அக்டோபர் 6, 2025

எனக்குத் தெரிந்தவரை கே ஆண்களின் உலகம் செயலி, பார்ட்டி, ஒரு ராத்திரிப் பழக்கம். லெஸ்பியன் பெண்களோ ஒரே காதல், ஒரே வீடு என்று ஒட்டிக்கொள்கிறார்கள். இது பிறவிக் குணமா? இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே கொடிக்குக் கீழே நிறுத்துவது வெறும் வசதிக்காகத்தானே?

அக்டோபர் 6, இரவு

வசதிக்காகத்தான் என்றே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. பிறவிக் குணம் என்கிற இடத்தில்தான் சண்டை.

நான் லெஸ்பியன். நாற்பதைத் தாண்டியாயிற்று. நெல்லைப் பக்கம் பிறந்தேன், சென்னையில் வேலை. கல்லூரியிலிருந்து என் நண்பனாக இருப்பவன் கே. ஒரே ஊர், ஒரே சாதி, சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். இருபத்தைந்து வயதில் அவன் ராத்திரி பத்து மணிக்கு மேல் மெரினாவில் நடந்தே தன் ஆட்களைக் கண்டுபிடித்தான். அதே வயதில் நான் தங்கியிருந்த மகளிர் விடுதியில் எட்டு மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் பூட்டிய கேட்டுக்குள்ளே யார் யாரோடு இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவனுக்குக் கடற்கரை கிடைத்தது, எனக்கு அறைத்தோழி கிடைத்தாள். இதை வைத்து அவன் அலைபவன், நான் குடும்பப் பாங்கானவள் என்று முடிவுகட்டினால் எப்படி?

அக்டோபர் 7

நேற்று எழுதியது கொஞ்சம் கதை மாதிரி ஆகிவிட்டது. கோர்ட்டுக் கட்டுகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும்.

இந்தியாவில் கே ஆண்கள் பெயரில் வந்த பெரிய வழக்குகள் எல்லாம் குற்றவியல் சட்டத்தை எதிர்த்தவை. தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு 1860இல் எழுதப்பட்டது. எய்ட்ஸ் தடுப்பில் வேலை செய்த நாஸ் அறக்கட்டளை 2001இல் வழக்குப் போட்டு, டெல்லி உயர்நீதிமன்றம் 2009 ஜூலையில் அதைத் தளர்த்தியது. உச்சநீதிமன்றம் 2013 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்து, 2018 செப்டம்பர் 6 அன்று மறுபடி நீக்கியது. இவ்வளவு இழுபறிக்கும் அடியில் இருந்த பயம் ஒன்றுதான்: பூங்காவில் போலீஸ், மாமூல், மிரட்டல்.

பெண்கள் பெயரில் வருபவை வேறு ஜாதி வழக்குகள். 'என் இணையை அவள் வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள், மீட்டுக் கொடுங்கள்' என்கிற ஆட்கொணர்வு மனுக்கள். இல்லாவிட்டால் 'பெற்றவர்கள் காணவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார்கள், போலீஸ் துரத்துகிறது, பாதுகாப்புக் கொடுங்கள்' என்கிற மனுக்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு இந்த ரகம்தான். அதில்தான் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே புரிய வேண்டும் என்று ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்தார்; 2021 ஜூனில் பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் கொடுமைக்குத் தடை சொன்னார். கேரளாவில் ஆதிலா, நூரா வழக்கும் அதே ரகம். நூராவை வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விட, ஆதிலா கோர்ட்டுக்குப் போனார்; 2022 மே கடைசியில் கேரள உயர்நீதிமன்றம் இருவரையும் சேர்த்து அனுப்பியது. 2025 மே மாதம் வேலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர்நீதிமன்றமும், கல்யாணம் மட்டும்தான் குடும்பம் ஆவதற்கு வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொல்லிவிட்டது. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டாரிடம் வலுக்கட்டாயமாக ஒப்படைத்த போலீசுக்கும் நன்றாகக் கிடைத்தது.

ஆணுக்குப் பயம் தெருவில். பெண்ணுக்குப் பயம் நடுவீட்டில். பிறவிக் குணம் என்று நீங்கள் சொல்வதில் பாதி இதிலிருந்து முளைத்ததுதான்.

அக்டோபர் 7, மாலை

'377 பெண்களைத் தொடவே இல்லை, அப்படியானால் அவர்களுக்கு லாபம்தானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஏட்டில் லாபம்தான். அந்தப் பிரிவு இருந்த காலத்தில் அதற்கு ஊடுருவல் நடந்திருக்க வேண்டும், அதனால் பெண்களுக்கு அது பொருந்துமா என்பதே சந்தேகமாக இருந்தது. ஆனால் ஸ்டேஷனில் ஏட்டு அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். 'உள்ளே தள்ளிவிடுவேன்' என்று சொன்னால் போதும், பெண் அழுதுகொண்டே அப்பா பின்னால் போய்விடுவாள். பிரிவு பொருந்தாவிட்டால் கடத்தல் வழக்கு இருக்கிறது, 'நகையோடு ஓடிவிட்டாள்' இருக்கிறது.

வெள்ளைக்காரன் பெண்களை ஏன் விட்டுவைத்தான் என்பது இதைவிடச் சுவாரசியம். 1921இல் பிரிட்டனில் பெண்களுக்கும் ஒரு தண்டனைப் பிரிவு சேர்க்கலாம் என்று கீழவை முடிவு செய்தது. பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. இரக்கப்பட்டு அல்ல. பெரும்பாலான பெண்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சட்டம் போட்டால் நாமே தெரியப்படுத்தியதாகிவிடும் என்பதுதான் அவர்கள் வாதம். ஆணைப் பிடித்து உள்ளே போட்டார்கள், பெண்ணை இல்லவே இல்லை என்றார்கள். இதில் யாருக்கு லாபம் என்று கணக்குப் போடுவது எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

இலங்கையைச் சேர்ந்தவர்கள் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 1883ஆம் வருடத் தண்டனைக் கோவையின் 365ஏ பிரிவு ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. 1995இல் அதை நீக்கச் சொல்லிக் கேட்டார்கள். நாடாளுமன்றம் 'ஆண்' என்பதை எடுத்துவிட்டு 'நபர்' என்று போட்டது. சமத்துவம் வந்துவிட்டது! அதுவரை குற்றவாளியாக இல்லாத பெண்களும் ஒரே நாளில் குற்றவாளி ஆனார்கள். அங்கே லெஸ்பியன் உரிமைகளுக்காகப் போராடும் ரோசானா ஃபிளேமர் கால்டெரா இதை ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு வரை கொண்டுபோனார். 2022இல் அந்தக் குழு இலங்கை அரசின் மீதுதான் தப்பு என்றது. சிங்கப்பூரில் 1938இல் வந்த 377ஏ கடைசிவரை ஆண்களுக்கு மட்டும்தான். 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்க ஓட்டுப் போட்டது.

அக்டோபர் 9

அமைப்புகள் பற்றிக் கேட்டவருக்கு. ஆம், சங்கம், அலுவலகம், போன் எண், மாதக் கூட்டம் எல்லாம் ஆண்கள் பக்கம்தான் முதலில் வந்தது. காரணம் காசு. காசுக்குக் காரணம் எச்.ஐ.வி.

1986இல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களை எட்ட வேண்டும், ஆணுறை கொடுக்க வேண்டும், பரிசோதனைக்கு அழைத்துவர வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். மும்பையில் அசோக் ராவ் கவி 1990இலேயே 'பாம்பே தோஸ்த்' பத்திரிகை தொடங்கியிருந்தார், 1994இல் ஹம்சஃபர் டிரஸ்ட். சென்னையில் 1998இல் சகோதரன். எத்தனையோ பையன்கள் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னைப் போல இன்னொருவனைப் பார்த்தது அங்கே டீ குடிக்க வந்த இடத்தில்தான். என் நண்பனும் அப்படித்தான். அவனுக்கு ஆணுறை தேவைப்பட்டதைவிட அந்த டீதான் அதிகம் தேவைப்பட்டது.

எங்களுக்கு நோய் இல்லை. அதனால் திட்டமும் இல்லை. பெண்களுக்கு இருந்தது பெண்ணிய வட்டங்கள். டெல்லியில் சகி, மும்பையில் ஸ்திரீ சங்கம், 1999இல் கொல்கத்தாவில் சாஃபோ. கைக்காசு போட்டு, யாராவது ஒருத்தி வீட்டு ஹாலில் பாய் விரித்து நடத்திய கூட்டங்கள். 1998 டிசம்பரில், இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன 'ஃபயர்' படம் ஓடிய தியேட்டர்களை அடித்து நொறுக்கியபோது டெல்லியில் பெண்கள் அட்டை பிடித்துத் தெருவுக்கு வந்தார்கள். 'நாங்கள் இந்தியர்கள், லெஸ்பியன்கள்' என்று பொதுவெளியில் பெண்கள் எழுதிப் பிடித்தது அப்போதுதான்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சகோதரன் மாதிரி இடத்துக்கு ஆட்டோ ஓட்டுகிறவரும் வருவார், மூட்டை தூக்குகிறவரும் வருவார். பெண்கள் வட்டத்துக்குள் போக இங்கிலீஷ் வேண்டும், புத்தகம் வாசித்திருக்க வேண்டும். நான் முதன்முதலில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது ஆணாதிக்கத்தைப் பற்றிப் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் போனது யாராவது என்னைப் பார்ப்பார்களா என்று.

அக்டோபர் 9, பிற்சேர்க்கை

பார்த்தாள். சேர்ந்துதான் இருக்கிறோம். இனி அதைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

அக்டோபர் 12

நகைச்சுவை வேண்டும் என்றவருக்கு, எங்கள் வட்டத்தில் ஓடுவது: கே ஆண்கள் இரண்டாவது சந்திப்பில் என்ன செய்வார்கள்? எந்த இரண்டாவது சந்திப்பு? லெஸ்பியன்கள்? இட்லிப் பானை வாங்குவார்கள்.

இதை நண்பனிடம் சொன்னேன். 'முதல் சந்திப்புக்கே ரூம் கிடைக்காமல் ஊரைச் சுற்றினவன்கிட்ட சொல்றியே' என்றான். அதுவும் சரி. இரண்டு பெண்கள் வேலைக்குப் போகிறோம் என்று சொன்னால் வீட்டுக்காரம்மா சந்தோஷமாகச் சாவியைக் கொடுப்பார், கூடவே அம்மா அப்பா நம்பரையும் வாங்கிக்கொள்வார். இரண்டு ஆண்கள் போனால் 'பேச்சிலருக்கு இல்லை'. வீடு கிடைக்கிறவர்களிடம்தானே இட்லிப் பானை இருக்கும்.

அக்டோபர் 14

'ஆணுக்குப் பயம் தெருவில், பெண்ணுக்குப் பயம் நடுவீட்டில்' என்று எழுதியிருந்தேன் அல்லவா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நடை நளினமாக இருந்ததற்காக எட்டாம் வகுப்பிலேயே அப்பாவும் சித்தப்பாவும் பெல்ட்டால் அடித்தது, கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்தது, வாசலுக்கு வரக்கூடாது என்று வைத்தது. அவர் கேட்பது, 'எனக்கும் பயம் நடுவீட்டில்தான் அக்கா, நான் எந்தக் கணக்கில் வருவேன்?'

என் சூத்திரத்தைவிட அவர் சொல்வது பெரிய விஷயம். பொதுவாக ஆண், பொதுவாகப் பெண் என்று பிரித்தது போதவில்லை. பெண் போலத் தெரிகிற பையனுக்குப் பெண்ணுக்குக் கிடைக்கும் காவலே கிடைக்கிறது. மீசை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பேசுகிறவனுக்குத் தெரு முழுக்கத் திறந்திருக்கிறது. என் நண்பன் இரண்டாவது ரகம், அதனால்தான் அவனுக்கு மெரினா வாய்த்தது. கே ஆண்களுக்குள்ளேயே இந்தப் பிளவு ஓடுகிறது. செயலிகளைத் திறந்து பாருங்கள்: 'பொம்பள மாதிரி இருக்கிறவங்க வேண்டாம்', 'ஆம்பளையா இருக்கணும்'. பக்கத்திலேயே சாதிப் பெயர். வெளியே கொடி பிடிக்கிற அதே விரல்தான் உள்ளே இதையும் தட்டுகிறது.

அக்டோபர் 15

யார் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்கிற அடையாள விஷயத்தை இன்னும் தொடவே இல்லை.

நகரத்து ஆங்கிலப் பேச்சுக்கு வெளியே வந்தால் 'கே' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர்கள் குறைவு. நளினமாக இருப்பவர் கோத்தி, ஆம்பளையாக நடப்பவர் பந்தி, இரண்டுமாக இருப்பவர் டபுள் டெக்கர் என்று அவர்களுக்குள் வேறு கணக்கு. இதில் பந்தி என்கிறவன் தன்னை எந்தக் கூட்டத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டான், அவன் பார்வையில் அவன் சாதாரண ஆம்பளை. கோத்திகளில் சிலர் பிறகு திருநங்கையாகி, அவர்களுடைய கூட்டுக் குடும்பமான ஜமாத்துக்குப் போவார்கள், பலர் போகமாட்டார்கள். ஆனால் போவதற்கு ஒரு இடம் இருக்கிறது. குரு இருக்கிறார், கூவாகம் இருக்கிறது, 2008இலிருந்து தமிழ்நாட்டில் நலவாரியமும் இருக்கிறது.

பெண்கள் பக்கம் அந்த மாதிரி எல்லைக்கல் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு அக்கா, சட்டை, லுங்கி, சைக்கிள். ஊரே 'தம்பி' என்று கூப்பிடும். அவர் லெஸ்பியனா, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பியா? அவரையே கேட்டிருந்தால் இரண்டு சொல்லையும் கேள்விப்பட்டதில்லை என்றிருப்பார். அவருடைய இணை தன்னை லெஸ்பியன் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பே இல்லை. 'நான் அவரைக் கட்டிக்கிட்டேன்', அவ்வளவுதான். இப்படி ஜோடியாக வாழ்கிறவர்களுக்குக் கூட்டம் தேவைப்பட்டதே இல்லை, கூட்டம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருப்பார்கள். 1987இல் மத்தியப் பிரதேசத்தில் லீலா, ஊர்மிளா என்று இரண்டு பெண் போலீஸ்காரர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். எந்த அமைப்பும் இல்லை, எந்தக் கொடியும் இல்லை. செய்தி வெளியே வந்ததும் வேலை போயிற்று.

நகரத்து லெஸ்பியன்கள் இதைக் கேட்டால் 'ஆண் பெண் வேஷத்தை அப்படியே காப்பியடிக்கிறார்கள்' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நானும் ஒரு காலத்தில் பிதுக்கியிருக்கிறேன். இப்போது அந்தச் சைக்கிளைத்தான் நினைத்துக்கொள்கிறேன், அது எவ்வளவு தைரியமாக நடுத்தெருவில் போயிற்று என்று.

அக்டோபர் 18

ரத்த தானம் பற்றி. இது பலருக்குத் தெரியாது போலிருக்கிறது. இந்தியாவின் 2017ஆம் வருட ரத்த தான வழிகாட்டுதல்படி ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநர்களும் ரத்தம் கொடுக்கவே கூடாது. லெஸ்பியன் பெண்களுக்கு அப்படித் தடை இல்லை. என் நண்பனுடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது நான் கொடுத்தேன். அவன் வெளியே நின்றான். பொய் சொல்லி உள்ளே போயிருக்கலாம், போகவில்லை, அது அவன் குணம்.

1983இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் லெஸ்பியன் பெண்கள் சேர்ந்து, எய்ட்ஸ் வந்த ஆண்களுக்காக ரத்த தான முகாம் நடத்தினார்கள். 'பிளட் சிஸ்டர்ஸ்' என்று பெயர். அதுவரை அங்கேயும் இரண்டு கூட்டத்துக்கும் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. ஒரே கொடி எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 21

கல்யாணம். இதை எழுதும்போது கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே ஆண் முப்பத்தைந்து வரை 'செட்டில் ஆகணும்', 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும்' என்று தள்ளிப்போடலாம். அப்புறம் பலர் கட்டிக்கொள்கிறார்கள். கட்டிக்கொண்ட பிறகும் அவர்களுக்கு வெளியூர் வேலை, லேட் நைட் மீட்டிங், பூட்டுப் போட்ட போன் எல்லாம் உண்டு. வீட்டில் ஒரு பெண் தன்னிடம் ஏதோ குறை என்று அழுதுகொண்டு விரதம் இருப்பாள். அந்தப் பெண்ணைப் பற்றி கே வட்டாரத்தில் பேச்செடுத்தால் 'குடும்ப நெருக்கடி, என்ன செய்வது' என்பார்கள். நெருக்கடி உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடியை இறக்கிவைக்க அவனுக்கு ஒரு தலை கிடைக்கிறது.

லெஸ்பியன் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால்? இருபத்து மூன்று வயதில், விஷயம் தெரிந்த மறுநாளே. அவளுக்கு மீட்டிங் இல்லை. படுக்கை அவளுடையதே இல்லை. அவள் தோழியின் கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டு வருவாள், தோழி இவள் பிள்ளைக்கு அத்தையாவாள், ஊர் 'என்ன ஒரு சிநேகிதம்' என்று மெச்சும்.

2023இல் உச்சநீதிமன்றத்தில் தன்பால் திருமண வழக்குகள் நடந்தபோது பெரும்பாலோர் கேட்டது கல்யாணப் பதிவு. பெண்கள் தரப்பிலிருந்து போன ஒரு மனுவோ பெற்றவர் வீட்டு வன்முறையையும் பேசியது, தான் தேர்ந்தெடுத்தவரைக் குடும்பமாக ஏற்கச் சொல்லியும் கேட்டது. அக்டோபர் 17 தீர்ப்பில் கல்யாண உரிமை கிடைக்கவில்லை. டிவி எல்லாம் அதைத்தான் பேசியது, மற்றதை யாரும் பேசவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் ஆட்கொணர்வு மனுக்களுக்காக அதே உச்சநீதிமன்றம் நெறிமுறை கொடுத்தது: பெண்ணைத் தனியே அழைத்து நீதிபதி நேரடியாகப் பேச வேண்டும், பெற்றோரை நிறுத்திவைத்துக் கேட்கக்கூடாது, மனத்தை மாற்றும் கவுன்சலிங்குக்கு அனுப்பக்கூடாது. கல்யாணத் தீர்ப்பைவிட இதுதான் என் மாதிரிப் பெண்களை உயிரோடு வைக்கும்.

அக்டோபர் 22

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். 'கேட்டைத் திறந்து, சம்பளம் கொடுத்து, வீட்டாரையும் ஒதுக்கிவிட்டால் பெண்களும் ஆண்களைப் போலவே இருப்பார்களா?'

எல்லோரும் அல்ல. நெருங்கிப் பழகின பிறகுதான் ஆசை வருகிறது என்று என் தோழிகளில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஆனால் பெங்களூரில் தனியே ஃபிளாட் எடுத்திருக்கிற இருபத்தைந்து வயதுப் பெண்கள் சிலரைத் தெரியும். அவர்கள் வாரக் கடைசியைப் பற்றிக் கேட்டால் என் நண்பனுக்கே வியர்க்கும். எதிர்ப்பக்கம், அவனும் அவன் இணையும் பல வருடமாக ஒரே ரேஷன் அரிசியைத் தின்றுகொண்டு, எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு என்று சண்டை போடுகிறார்கள். உங்கள் பட்டியலில் அவர்களைத்தான் லெஸ்பியன் பக்கம் எழுத வேண்டும்.

தலைமுறையும் ஒரு விஷயம். ஆதிலாவும் நூராவும் 2025இல் மலையாள பிக் பாஸ் வீட்டுக்குள் போய் எல்லோரோடும் சண்டை போட்டார்கள். வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணை மீட்கக் கோர்ட்டுக்குப் போன ஜோடி, காசு வாங்கிக்கொண்டு தாங்களாகவே ஒரு வீட்டுக்குள் அடைபட்டது. என் இணை தினமும் பார்த்தாள், மலையாளம் பாதிதான் புரியும், ஆனாலும் நூரா கட்சி.

அக்டோபர் 27

கூட்டுக் கணக்கு பற்றித் தனியே கேட்டவர்களுக்கு மொத்தமாக இங்கேயே: 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தன்பால் இணையர் சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்கத் தடை இல்லை, இணையரை நாமினியாகவும் போடலாம். ரேஷன் அட்டைக்கும் இணையரை ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த அறிவிப்பை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள், கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது.

நாங்கள் போனபோது மேனேஜர் 'அக்கா தங்கச்சியா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நண்பனும் அவன் இணையும் போனபோது 'பிசினஸ் பார்ட்னரா? அப்படின்னா கரண்ட் அக்கவுண்ட்தான் போடணும்' என்று வேறு ஃபாரத்தை நீட்டியிருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடுத்து சேமிப்புக் கணக்கு வாங்க மத்தியானம் ஆகிவிட்டதாம்.